கடலுக்குக் கீழே முறிகண்டி

1

ஊரில் இருக்கிற உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நோர்வேக்காரருக்கு மலையைக் கண்டால் சும்மா இருக்க ஏலாது. சுற்றிப் போக மாட்டார்கள், ஏறிப் போக மாட்டார்கள், குடைந்துகொண்டுதான் போவார்கள். மலை முடிந்து கடல் வந்தாலும் விடுவதில்லை. கடலுக்கு அடியில் கிடக்கிற பாறையைக் குடைந்து, அதற்குள் றோட்டுப் போட்டு, மேலே மீன் ஓடக் கீழே கார் ஓட விட்டிருக்கிறார்கள்.

எனக்கு அடைத்த இடம் ஆகாது. அதுதான் என் கதை.

நான் இருக்கிற ஊருக்கு எதிரே ஒரு தீவு. நடுவில் அப்படி ஒரு சுரங்கப்பாதை. அந்தப் பக்கத்தில் என் பழைய கூட்டாளி சூசைதாசன் இரண்டு வருடமாகக் குடியிருக்கிறான். மனைவி ரெஜினா முதலே வந்து, அங்கே வயோதிபர் இல்லத்தில் வேலை எடுத்து, பிறகு அவனைக் கூப்பிட்டா. அவன் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் கட்டிப்பிடித்ததுதான். அதற்குப் பிறகு நான் ஒருநாளும் போகவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டு. கார் பழுது. காய்ச்சல். வேலை. ஒருமுறை மனைவியின் தங்கச்சி குடும்பம் வந்து நிற்கிறது என்றேன். என் மனைவிக்குத் தங்கச்சியே இல்லை.

போன மாதம் ரெஜினா எடுத்தா.

"அண்ணை, நீங்கள் ஒருக்கா வரவேணும்."

"என்ன ரெஜினா, சூசைக்கு என்ன?"

"ஒண்டுமில்லை எண்டுதான் அவர் சொல்லுறார். கட்டிலை விட்டு இறங்கிறாரில்லை. வேலைக்குப் போறேல்லை. யன்னல் சீலையை இழுத்து மூடிப்போட்டுக் கிடக்கிறார். தாடி வளர்ந்து உண்மையான சூசையப்பர் மாதிரி இருக்குது அண்ணை."

"டொக்டரிட்டக் காட்டினனீங்களே?"

"குளிசை தந்தவர். வெளியில கூட்டிக்கொண்டு போய் நடக்கச் சொன்னவர். இந்த மனிசன் சாப்பிடக் குசினிக்கே வருகுதில்லை."

"என்னவாம்? என்ன கதைக்கிறான்?"

"கதையே இல்லை. நேற்று மட்டும் ஒண்டு சொன்னவர். நீங்கள் வருவியள் எண்டு நான் சொல்ல, 'கிளாக்கர் வரமாட்டான், அவனுக்கு ரனல் பயம்' எண்டவர்."

நான் பெரிதாகச் சிரித்தேன். ரெஜினாவும் மரியாதைக்குச் சிரித்தா. போனை வைத்த பிறகு எனக்கு முகம் சுட்டது. இல்லாத மைச்சாளைக் கூட்டிவந்து வீட்டில் இருத்தி, அவவின் பிள்ளைகளுக்குப் பெயர்கூட வைத்து நான் சொன்ன அவ்வளவு பொய்யையும், அவன் ஒன்றும் கேட்காமல், "சரி சரி, ஆறுதலா வா" என்று வாங்கி வைத்திருக்கிறான்.

2

கிளாக்கர் என்பது நான்.

சமாதான காலத்தில் நாயாற்றில் ஒரு மீனவர் சங்கத்தில் எனக்கு எழுத்து வேலை. நான் கனகராயன்குளத்தான். கடலை முதன்முதல் கண்டபோது, குளத்துக்கு அந்தப் பக்கத்து அணைக்கட்டு எங்கே என்று தேடிய ஆள். சூசை அந்தக் கரையிலேயே பிறந்தவன். தமையன்மார் எல்லாரும் வலையைப் பிடிக்க, இவன் மட்டும் ஸ்ரியறிங்கைப் பிடித்தான். சங்கத்தின் ஐஸ் பெட்டி லொறிக்கு அவன்தான் டிறைவர். மீனோடு ஒரு பொறுப்பான ஆள் போகவேண்டும் என்று என்னையும் ஏற்றிவிடுவார்கள். கிளிநொச்சிச் சந்தைவரைக்கும் மணக்க மணக்கப் போவோம்.

அவனுக்குள் ஒரு கொண்டக்டர் ஒளிந்திருந்தான். லொறியில் மீனையும் என்னையும் தவிர ஒருவரும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு இடத்திலும் கத்துவான்.

"செம்மலை, செம்மலை! இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ!"

"ஆரடா இறங்கப் போறது?"

"பின்னால பாரை ஒண்டு ஒரு மாதிரிப் பாத்துக்கொண்டு கிடந்தது. இறங்குமோ எண்டு கேட்டன்."

அளம்பில், சிலாவத்தை, முல்லைத்தீவு, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான். அதற்குப் பிறகு காடு. ஒலுமடுப் பக்கத்தில் ஒருநாள் பின்னேரம் யானையொன்று நடு றோட்டில், தன் காணி போல நின்றது. சூசை என்ஜினை நிறுத்தி, லைட்டை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். நான் கதவுப் பிடியில் கை வைத்தேன். அவன் திரும்பாமலே என் சேட்டுக் கொலரைப் பிடித்தான்.

"ஓடினா அது உன்னைப் பாக்கும். இருந்தா அது றோட்டைப் பாக்கும்."

யானை றோட்டையே பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. எனக்குப் பத்து வயது கூடியது. அது போன பிறகும் சூசை கொலரை விடவில்லை. மாங்குளம் சந்தியில் கியர் மாற்றத்தான் கை தேவைப்பட்டது.

மாங்குளத்தில் வலப்பக்கம் திரும்பினால் ஏ-ஒன்பது. கொஞ்சத் தூரத்தில் முறிகண்டி. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்தப் பிள்ளையாரைத் தாண்டி ஒரு வாகனமும் நிற்காமல் போகாது. பஸ், லொறி, மோட்டச்சைக்கிள், அவசரமாகப் போகிற அதிகாரி, எல்லாம் நிற்கும். தேங்காய் உடைக்க வேண்டும், கற்பூரம் கொளுத்த வேண்டும், கச்சான் கடலை வாங்க வேண்டும். கச்சான் கோது வாகனத்துக்குள் கிடந்தால்தான் ஒழுங்கான பயணம்.

சூசை கத்தோலிக்கன். கண்ணாடிக்கு முன்னால் மாதா சுரூபம், அதன் கழுத்தில் செபமாலை. ஆனால் முறிகண்டியில் எனக்கு முன்னம் இறங்குவது அவன்தான்.

"ஐஸ் கரையுது சூசை. உனக்கு ஏன் இது? உன்ர ஆள் மாதாவெல்லே?"

"மாதா வண்டிக்குள்ள இருக்கிறா. இவர் றோட்டில நிக்கிறார். ரெண்டு பேருக்கும் டியூட்டி வேற."

கச்சான் விற்கிற பெண்கள் அவனுக்குச் சூசை ஐயர் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரேயொரு நாள், எதிரே வந்த வாகனத் தொடர் ஒன்று எங்களை நிற்கவிடவில்லை. இரணைமடுச் சந்தியில் ரயர் வெடித்தது. அந்த ரயரில் நூல் தெரியத் தொடங்கி ஒரு மாதம். அது சூசையின் காதில் ஏறவில்லை.

"பாத்தியே?" என்றான். அவ்வளவுதான்.

3

பிறகு சண்டை வந்தது. அதை உங்களுக்கு நான் விவரிக்க வெளிக்கிட்டால் என்னை மாதிரி மடையன் இல்லை. நீங்களும் அங்கேதான் நின்றீர்கள்.

லொறி போனது. றோட்டும் போனது. கடைசியில் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை வைத்த ஒரு பங்கர்தான் மிஞ்சியது. அதற்குள் பதினொரு பேர். எல்லாருக்கும் செல்லுக்குப் பயம். எனக்கு அந்தக் கூரைக்குப் பயம். செல் தூரத்தில் விழும், கூரை என் தலைக்கு ஒரு சாண் மேலே எப்போதும் இருக்கும். மூச்சு நெஞ்சுக்குள் வந்து திரும்பிப் போகும். வெளியே ஓடவேண்டும், அவ்வளவுதான். வெளியே ஓடியவர்கள் வாசலிலேயே கிடந்ததைக் கண்டபிறகும் ஓடவேண்டும்.

எழும்பினேன். பின்னாலிருந்து ஒரு கை கொலரைப் பிடித்தது.

"எங்க போறாய்?"

"வெளியில. விடு."

"பஸ் ஓடேக்க இறங்கக் கூடாது கிளாக்கர்."

பிறகு அந்தக் குரல், அதே கொண்டக்டர் குரல், மண்ணுக்குள் எழும்பியது. "நாயாறு! நாயாறு ஏறுற ஆக்கள் ஏறுங்கோ! பின்னுக்குத் தள்ளி நில்லுங்கோ, உள்ளுக்கு இடமிருக்கு!"

உள்ளுக்கு இடமா? ஒரு கிழவர் சிரித்துவிட்டார். சூசை செம்மலை சொன்னான், அளம்பில் சொன்னான். ஒவ்வொரு இடத்திலும் ஆர் இறங்குகிறது, ஆர் கோழியோடு ஏறுகிறது என்று சொன்னான். கிட்ட விழுந்து பங்கர் குலுங்கினால், "பள்ளம், பிடிச்சுக்கொள்ளுங்கோ!" என்றான். முறிகண்டி வந்ததும் எல்லாரையும் இறக்கினான். நாக்கால் "டொக்" என்று ஒரு தேங்காய் உடைத்தான். வெறுங்கையால் ஆளுக்குக் கொஞ்சம் கச்சான் அள்ளிக் கொடுத்தான். நாங்கள் கையேந்தி வாங்கினோம். ஒரு சின்னப் பெண் பிள்ளை கோதையும் உடைத்து எறிந்தாள்.

அப்படி எத்தனை தரம் கிளிநொச்சி போய்வந்தோம் என்று தெரியாது. நான் உயிரோடு இருந்து உங்களுக்கு நோர்வே மலையைப் பற்றி நொட்டை சொல்வது அந்த பஸ்ஸில் ரிக்கற் எடுக்காமல் போனதால்தான்.

4

இங்கே வந்தும் அந்தக் கூரை என்னோடு வந்துவிட்டது. அதற்கு விசா தேவைப்படவில்லை.

நாங்கள் இருப்பது ஐந்தாம் மாடி. நான் லிஃப்ற்றில் ஏறுவதில்லை. சீனி வருத்தத்துக்குப் படி ஏறுவது நல்லது என்று அயலவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்குச் சீனி வருத்தம் இல்லை. இப்போது அவர்கள் எனக்குக் கேக் தருவதில்லை. கக்கூசில் கதவு பூட்டுவதில்லை, உள்ளே இருக்கிறேன் என்று காட்டப் பாட்டுப் பாடுவேன். மகள் தர்சிகா சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டி வராததற்கு அது ஒரு காரணம்.

வேலை பஸ் டிப்போவில். ஓட்டம் முடிந்து வருகிற பஸ்களைக் கூட்டித் துடைப்பது. ஒருமுறை நான் பின் சீற்றுக்குக் கீழே குனிந்து நிற்க, பார்க்காமல் பஸ்ஸைக் கழுவுகிற மெசினுக்குள் விட்டுவிட்டார்கள். நாலு பக்கமும் தூரிகை சுற்ற, நுரை கண்ணாடியை மூட, நான் மணியை அடித்துக்கொண்டே இருந்தேன். வெளியே வந்ததும் மேலாளர் கேட்டார், ஏன் அழுகிறாய் என்று. சவர்க்காரம் கண்ணில் பட்டது என்றேன். பஸ்ஸுக்கு உள்ளேயா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு டொக்டரிடம் அனுப்பினார்கள். மொழிபெயர்ப்பாளர் போனில்.

"இந்தப் பயம் எங்கே தொடங்கியது?"

"பங்கரில."

"எவ்வளவு பெரிய இடம்?"

"உங்கட ஆஸ்பத்திரி லிஃப்ற் அளவு."

"எத்தனை பேர்?"

"பதினொரு பேர்."

டொக்டர் நல்ல மனிசி. யோசித்துப் பார்த்துவிட்டு, "எங்கள் லிஃப்ற்றில் ஆறு பேருக்குத்தான் அனுமதி" என்றா.

"ஓம். எங்கட பங்கரில அப்பிடி ஒரு பலகை மாட்டேல்லை."

மொழிபெயர்ப்பாளர், இதையும் சொல்லவோ என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் அதை மாற்றிச் சொன்னார்.

என் கதை இப்படி. சூசையின் அடைப்பு வேறு மாதிரி. அவனுக்குச் சுவர் வேண்டியிருக்கவில்லை, ஒரு லைசென்ஸ் கந்தோர் போதுமாக இருந்தது. இலங்கை லைசென்ஸ் இங்கே செல்லாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளோடு வாங்கில் இருத்தி, வீதியைக் கடப்பது எப்படி என்று படிப்பித்தார்கள். செல்லுக்குள்ளால் காயக்காரரை ஏற்றி ஓடினவன். கொம்பியூட்டரில் எழுத்துப் பரீட்சை. காட்டு மிருகம் றோட்டில் நின்றால் என்ன செய்வாய் என்று கேள்வி.

"என்ன போட்டனீ?" என்று அப்போது போனில் கேட்டேன்.

"என்ஜினையும் லைட்டையும் நிப்பாட்டிப்போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேணும். அப்பிடி ஒரு விடை அதில இல்லை மச்சான்."

திரும்பத் திரும்ப எடுத்தான். திரும்பத் திரும்ப விழுந்தான். கடைசியில் மீன் தொழிற்சாலையில் பெட்டியில் ஐஸ் போடுகிற வேலை. பெட்டி நிறைய, லொறி வரும். வேறு ஒருவன் அதை ஓட்டிக்கொண்டு போவான். இதில் மோசமான பகிடி என்னவென்றால், வன்னியில் சைக்கிளைக் கூட உருட்டிக்கொண்டு திரிந்த எனக்கு இந்த நாட்டு லைசென்ஸ் இருக்கிறது. கிளாக்கர்மாருக்குப் பரீட்சை பாஸ் பண்ணத் தெரியும். வேறொன்றும் தெரியாது.

5

சனிக்கிழமை போவது என்று மனைவி முடிவெடுத்தா. அவவுக்கு அன்றைக்கு வேலை, வர ஏலாது.

"நீங்கள் ஓடவேண்டாம். உள்ளுக்க போய்க் கதவைத் திறப்பியள். தர்சி ஓடட்டும்."

இங்கே பதினாறு முடிந்த பிள்ளைகள் காரோட்டிப் பழகலாம். பக்கத்துச் சீற்றில் நீண்டகால லைசென்ஸ் உள்ள பெரிய ஆள் ஒருவர் இருக்க வேண்டும். சட்டப்படி காருக்குப் பொறுப்பு அந்த ஆள். ஆகவே நான் பொறுப்பானவன், அவள் பழகுபவள். இதை அவளிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பை எழுத எனக்குத் தமிழ் காணாது.

தர்சிகாவுக்கு வன்னி என்றால் அப்பா போனில் சத்தமாகக் கதைக்கிற இடம். அவளுக்குத் தமிழ் விளங்கும், தேவைக்கு மட்டும் கதைப்பாள். என் பை ஏன் பாரமாக இருக்கிறது என்று நோர்வே மொழியில் கேட்டாள். சாப்பாடு என்றேன். உள்ளே துருக்கிக்காரர் கடையில் வாங்கிய தேங்காய், ஒரு பை வறுத்த கச்சான், மனைவியின் சாமித்தட்டில் எடுத்த கற்பூரம்.

சுரங்க வாயிலுக்கு முன்னால் ஒதுங்குகிற இடம் ஒன்று இருந்தது.

"இதில நிப்பாட்டு."

"ஏன்?"

"முறிகண்டி."

"அப்பா, இது நோர்வே."

"தெரியும். நிப்பாட்டு. சூசை மாமாவிட்டப் போறம், இது மரியாதை."

மரியாதையும் மண்ணாங்கட்டியும். அந்தக் கறுத்த வாய்க்குள் போகிறதை எவ்வளவு நேரம் பிந்த வைக்கலாமோ அவ்வளவும் லாபம். இறங்கினேன். தேங்காய் உடைக்கக் கல்லா இந்த நாட்டில் பஞ்சம்? ஒரே அடி, சரிபாதி. சந்தோஷம். கற்பூரம்தான் காற்றுக்கு நிற்கவில்லை. தடைக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி மறைவாக இருந்தது. அதன் அடியில் வைத்தேன். நிற்காத காற்றுக்கு எதிராக இன்னும் கொஞ்சம் வைத்தேன். சுரங்க வாயைப் பார்த்துக்கொண்டே சரித்ததில், பைக்கற்றில் மிச்சம் முழுக்கக் கொட்டுப்பட்டது. குப்பென்று பிடித்தது. நல்ல சுவாலை, நல்ல கரும்புகை. கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறக்க, தலைக்கு மேலே ஒரு கமெரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிவப்பு விளக்குகள் மின்னின. மணி அடித்தது. றோட்டுக்குக் குறுக்கே தடை இறங்கியது. பின்னால் வந்த கார் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு பஸ். அதற்குப் பின்னால் ஒரு வரிசை, வளைவுவரை. கடலுக்குக் கீழே போகிற பாதையின் வாயில் தீ என்று கண்டால் இவர்கள் விளையாட மாட்டார்கள்.

இரும்புப் பெட்டிக்குள் இருந்த அவசர போன் அலறியது. நான் அதைப் பார்த்தேன். தர்சிகா என்னைப் பார்த்தாள். பிறகு அவளே வந்து எடுத்தாள்.

"அப்பா, என்ன எரியுது எண்டு கேக்கினம்."

"கற்பூரம்."

"அதுக்கு நோர்வே பாசையில என்ன?"

"எனக்கென்ன தெரியும்?"

"ஏன் எரியுதாம்?"

"பிள்ளையாருக்கு எண்டு சொல்லு."

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். பிறகு போனில் நீளமாக, மிக மரியாதையான குரலில் ஏதோ சொன்னாள்.

"என்ன சொன்னனீ?"

"வீதிப் பாதுகாப்புக்கு எண்டு சொன்னனான். ஆள் வந்து பாக்குமட்டும் ஒருத்தரும் அசையக் கூடாதாம்."

கார்களிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஒரு வயதான மனிதர் தேங்காய்ப் பாதியைக் காட்டி என்ன இது என்று கேட்டார். நான் என்ன செய்வது? முறிகண்டியில் பக்கத்து பஸ்காரர் பார்த்துக்கொண்டு நின்றால் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். தேங்காயில் துண்டு துண்டாகச் சொட்டு கிளப்பிக் கொடுத்தேன். பிறகு கச்சானைப் பிரித்தேன். பஸ் சாரதி தொப்பியை நீட்டி வாங்கினான். குழந்தையோடு வந்த பெண் இரண்டாந்தரமும் கை நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் அந்த றோட்டில் நிறையக் கோது. நான் எல்லாரையும் வரிசையாக வரச் சொல்லிக்கொண்டிருந்தேன். தர்சிகா காருக்குள் இருந்து முகத்தைத் தலைமயிரால் மூடிக்கொண்டாள்.

மஞ்சள் வாகனத்தில் ஒருவர் வந்து, சாம்பலைச் சப்பாத்தால் மிதித்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். எச்சரிக்கை ஒன்று எழுதித் தந்தார்.

"முடிந்ததா?"

"முடிஞ்சுது" என்று அவர் கையிலும் ஒரு சொட்டு வைத்தேன். அவர் அதைப் பொக்கற்றுக்குள் போட்டார்.

தடை எழும்பியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று. "பிள்ளை, காரைத் திருப்பு, வீட்டை போவம்" என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். பின்னால் பஸ், அதற்குப் பின்னால் பாதி ஊர், எல்லாரும் கச்சான் சப்பிக்கொண்டு, வீதிப் பாதுகாப்புக்காரர் முதலில் போகட்டும் என்று காத்து நின்றார்கள். மஞ்சள் வாகனக்காரர் எங்களைத்தான் கையசைத்து அழைத்தார்.

என் கையாலேயே என் வாசலை அடைத்துவிட்டேன்.

6

உள்ளே போனால் றோட்டு கீழே இறங்குகிறது. இறங்கிக்கொண்டே இருக்கிறது. பாறைச் சுவர், ஈரம், வரிசையாக விளக்கு. காது அடைத்தது. ஒவ்வொரு விளக்கும் கடந்து போகும்போது கூரை ஒருதரம் குனிந்து என்னைப் பார்த்தது. மூச்சு நெஞ்சுக்குள் வந்து திரும்பிப் போயிற்று. என் கை கதவுப் பிடியைத் தேடுவதை நான் வேறு ஒருவனுடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

"அப்பா, கையை எடுங்கோ. மாமாவுக்குப் போன் எடுங்கோ. உள்ளுக்கும் வேலை செய்யும்."

எடுத்தேன். ரெஜினா. "சூசையிட்டக் குடு" என்று கத்தினேன். அவ போனை அவன் காதில் பிடித்திருக்க வேண்டும். மூச்சு மட்டும் கேட்டது.

ஒரு கிழமையாக வசனங்கள் ஆயத்தம் பண்ணியிருந்தேன். மனதைத் தளரவிடாதே, எல்லாம் சரிவரும், இந்த மாதிரி. வாயைத் திறக்க வந்தது இதுதான்:

"சூசை, நான் சாகப் போறன்!"

பிறகு தூசி படிந்த மாதிரி ஒரு குரல்.

"எங்க நிக்கிறாய்?"

"ரனலுக்குள்ள. கடலுக்குக் கீழ. இறங்குது இறங்குது, முடியுதில்லை."

"ஆர் ஓடுறது?"

"தர்சிகா."

"எப்பிடி ஓடுறாள்?"

"நல்லாத்தான் ஓடுறாள்."

"அப்ப உனக்கென்ன வேலை?"

"கதவைத் திறக்கப் போறன் சூசை. என்னால ஏலாது."

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது.

"டேய் கிளாக்கர். பஸ் ஓடேக்க இறங்கக் கூடாது."

நான் கையை எடுத்து மடியில் வைத்தேன்.

"செம்மலை தாண்டியாச்சே?"

"தெரியேல்லை. எல்லாம் சுவர்."

"தாண்டியாச்சு. இப்ப அளம்பில். அளம்பில் இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ..." குரல் உடைந்து, செருமி, திரும்ப வந்தது. "சிலாவத்தை. ஒரு மனிசி பனங்கிழங்குக் கட்டோட ஏறுறா. தள்ளி இரு, இடம் விடு."

நான் தள்ளி இருந்தேன். உண்மையாகவே தள்ளி இருந்தேன்.

தண்ணீரூற்று போனது. ஒட்டுசுட்டான் போனது. தர்சிகா ஒவ்வொரு பெயரையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், ஒட்டு, சுட்டான் என்று இரண்டாக உடைத்து.

"மாமா, அடுத்தது?"

"ஒலுமடு பிள்ளை. பாத்து ஓடு, ஆனை நிக்கும்."

"உண்மையா?"

"பக்கத்தில இருக்கிற கொப்பரிட்டக் கேள்."

சுரங்கத்தின் ஆகக் கீழான இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு கார் மூக்கை நிமிர்த்தியது.

"ஏறுது சூசை!"

"பின்ன? மாங்குளம் வந்திட்டுது. வலப்பக்கம் திருப்பு. ஏ-ஒன்பது. இனி நேர் றோட்டு."

பனிக்கன்குளம் என்றான். கொக்காவில் என்றான். பின்னணியில் அலுமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ரெஜினாவின் குரல்: "என்னப்பா தேடுறியள்?"

"சப்பாத்து. என்ர சப்பாத்தை எங்க வைச்சனீர்?"

"ஏன், எங்க போறியள்?"

"முறிகண்டி வருது, நான் இறங்கவேண்டாமே?"

படிகளில் கால் தட்டித் தட்டி இறங்குகிற சத்தம் வந்தது, அவனுடைய மூச்சிரைப்பும். தர்சிகா வேகத்தைக் கூட்டினாள். பொறுப்பானவன் என்ற முறையில் நான் கண்டித்திருக்க வேண்டும்.

7

வெளிச்சத்துக்கு வந்து முதல் வளைவில் பஸ் தரிப்பிடம். அதில் சாரத்துக்கு மேலே குளிர் அங்கி போட்டு, சப்பாத்துக் கயிறு கட்டாமல், தாடியோடு ஒரு மனிதன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். பின்னால் ரெஜினா தொப்பியோடு ஓடி வந்துகொண்டிருந்தா. நான் இறங்கி, காரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூசை மெலிந்திருந்தான். வெளிச்சத்துக்குக் கண் கூசிச் சுருங்கியிருந்தது.

கட்டிப்பிடிப்பான் என்று நினைத்தேன். கையை நீட்டினான்.

"கச்சான் எங்க?"

பையைக் கவிழ்த்துக் காட்டினேன். இரண்டு கோது விழுந்தது.

"அங்க வரிசையில நிண்ட வெள்ளையளுக்குக் குடுத்திட்டன்."

"முழுக்கவும்?"

"முழுக்க."

"முறிகண்டியில நிப்பாட்டிப்போட்டுக் கச்சானில்லாமல் வந்த முதல் ஆள் நீதான்ரா." தர்சிகாவைப் பார்த்தான். "பிள்ளை, கடை எங்க?"

"அந்தப் பக்கம் மாமா."

அவன் திரும்பிச் சுரங்கத்தின் வாயைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் என்ன யோசிக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லத் திரும்பினேன். ரெஜினா தொப்பியைப் பிடித்தபடி, இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றா.

"அப்ப ஏறு. போய் வாங்கிக்கொண்டு வருவம்."

சொல்லிக்கொண்டே முன்கதவைத் திறந்தான். தர்சிகா தலையை வெளியே நீட்டினாள்.

"மாமா, சொறி. சட்டப்படி அப்பாதான் முன்னுக்கு இருக்கவேணும்."

"இவனோ? பொறுப்பாவோ?" அவன் சிரித்தான். தாடிக்குள் அந்தப் பழைய பல்லிடுக்கு. "இந்த நாட்டுச் சட்டத்துக்கு என்ன பிடிச்சது?"

ரெஜினாவோடு பின்னால் ஏறி, எனக்கு நேர் பின்னால் இருந்தான். நான் பெல்ற்றைப் போட்டேன். பிறகு ஒருதரம் இழுத்துப் பார்த்தேன். கார் திரும்பியது, கறுத்த வாய் கண்ணாடி நிறைய வந்தது, என் கை தானாகக் கதவுப் பக்கம் போயிற்று.

"கிளிநொச்சி, கிளிநொச்சி! முறிகண்டி, மாங்குளம் போற ஆக்கள் ஏறுங்கோ! உள்ளுக்கு இடமிருக்கு!"

அந்தக் காருக்குச் சட்டப்படி பொறுப்பானவன் நான்தான். என் கொலர் சூசையின் கையில் இருந்தது.